இருநூற்றுப் பதிமூன்றாம் தாள்

போன வாரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தியின் கையில் ஹால் டிக்கெட். "நாளைக்கு என்ன பரீட்சைம்மா?" என்று சும்மா கேட்டுவைத்தேன். எழுத்தும் எண்ணுமாக நீளமாக எதையோ படித்தாள். லாரியின் நம்பர் பலகையைப் படிப்பது போலிருந்தது. "அது என்ன பாடம்?" என்றேன். தோழியைத் திரும்பிப் பார்த்தாள். "ஏய், அதுக்கு என்னாடி பேரு?" தோழிக்கும் தெரியவில்லை.

விடிந்தால் பரீட்சை, பாடத்தின் பெயர் தெரியாது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். ஆனால் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிக்க ஊரில் யாருக்கு உரிமை இருந்தாலும் எனக்கு இல்லை.

கடையில் அடித்த சூடான மை வாசனை வீடு வரைக்கும் கூடவே வந்தது. எங்கள் காலத்துப் பரீட்சைக்கு வேறு வாசனை: உருக்கிய அரக்கு, சணல் கயிறு, சைக்ளோஸ்டைல் மை. எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தச் சேர்ந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று தேர்வு வேலையையும் என் தலையில் கட்டினார் முதல்வர். தலையில் கட்டிவிட்டார் என்று ஊரெல்லாம் புலம்பினேன். உள்ளுக்குள் கிரீடம் வைத்த மாதிரிதான் இருந்தது.

ஒவ்வொரு தாளுக்கும் பல்கலைக்கழகம் மூன்று இலக்க எண் கொடுத்திருந்தது. முதல் இலக்கம் எந்த ஆண்டு என்பது. இரண்டாவது, எந்தப் பகுதி: ஒன்று என்றால் மொழி, இரண்டு என்றால் ஆங்கிலம், மூன்று என்றால் முதன்மைப் பாடம். கடைசி இலக்கம் பகுதிக்குள் வரிசை. மொழியில் ஒன்று தமிழ், இரண்டு இந்தி, மூன்று பிரெஞ்சு. ஆக 213 என்றால் இரண்டாம் ஆண்டு பிரெஞ்சு. இவ்வளவுதான் இதிலுள்ள வித்தை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இதை மனப்பாடம் செய்துவிட்டு நான் நடந்த நடை இருக்கிறதே! வராந்தாவில் எதிரே வரும் ஆசிரியரை நிறுத்தி, "உங்க முந்நூத்து முப்பத்தி நாலு எந்த மட்டுல இருக்கு?" என்பேன். பாவம், அவர் மராத்தியர் வரலாற்றை நடத்திக்கொண்டிருப்பார்.

அட்டெண்டர் காசிம் பாய் என் முகத்துக்கு நேரேயே சொல்வார்: "சாருக்கு நாளைக்கிப் புள்ள பொறந்தா பேரா வைப்பாரு? நம்பருதான் வைப்பாரு." எல்லாரும் சிரிப்பார்கள். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்ட ஜென்மம் நான்.

பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுப்பவர்கள் பெரும்பாலும் டவுனுக்குள் இருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் யாராவது பென்ஷன் வாங்குவார்கள், யாராவது பாரிசில் இருப்பார்கள். கிராமத்துப் பிள்ளைகள், கடற்கரைப் பிள்ளைகள் எல்லாம் தமிழ். சட்டம் இல்லை, வழக்கம். அந்த வழக்கத்தையும் நான் ஓர் இலக்கம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பரீட்சைக்கு விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயக்கொடி, வரலாறு, மூன்றாம் ஆண்டு, ஊர் கடலோர மீனவர் ஊரான பட்டினச்சேரி. அரியர் ஒன்றே ஒன்று. தாள் எண் 213. நான் அவளுக்கு வகுப்பெடுத்ததில்லை, முகம்கூடத் தெரியாது. ஊர்ப் பெயரைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன். பட்டினச்சேரிப் பெண்ணுக்குப் பிரெஞ்சாவது? எண் தெரியாமல் எழுதிவிட்டது கழுதை என்று முடிவு கட்டி, சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவால் மூன்றை அடித்து ஒன்று போட்டேன். பின்னாலிருந்த பீரோவைத் திறந்து முதலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எழுந்திருக்கச் சோம்பல் இல்லை. சந்தேகமே வரவில்லை.

பரீட்சை அன்று காலையில்தான் ஹால் டிக்கெட் கொடுத்தோம். வாங்கிய கையோடு ஓடி வந்தாள்.

"சார், இருநூத்திப் பதினொன்னுன்னு வந்திருக்கு. எனக்குப் பிரெஞ்சு சார்."

"ஒனக்கு எதுக்கும்மா பிரெஞ்சு? மீன் விக்கவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காசிம் பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"இல்ல சார். பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்க. ஜூன்ல வேலைக்கு வரச் சொல்லிருக்காங்க. பாஸ் பண்ணுனாத்தான் எடுப்பாங்க."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த அவளுடைய பெரியப்பா, சிறு வயதிலேயே பிரெஞ்சு கற்றுத்தரும் பள்ளியில் சேர்த்துவிட்டாராம். அந்தப் பள்ளியிலேயே வேலை. இரண்டாம் ஆண்டில் மஞ்சள் காமாலை வந்து அந்தத் தாளை எழுதவில்லை. மற்றதெல்லாம் தேர்ச்சி. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்.

வினாத்தாள்கள் விண்ணப்ப எண்ணிக்கைப்படிதான் வரும். பாடத்திட்டம் மாறிவிட்டதால் பழைய 213ஐ எழுத வேண்டியவள் அவள் ஒருத்திதான். என் சிவப்பு மையால் அப்படி ஒரு தாள் எங்கள் ஊருக்கு வரவேயில்லை. அரக்கு முத்திரை வைத்த கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தேன். இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும்.

முதல்வர் வந்தார். "என்னய்யா தகராறு?"

"பொண்ணு எண்ணைத் தப்பா எழுதியிருக்கு சார்."

அவள் என்னைத்தான் பார்த்தாள். "நான் மூணுன்னுதான் சார் போட்டேன்."

"நீ போட்டது எனக்குத் தெரியாதா?" என்றேன்.

விண்ணப்பம் பல்கலைக்கழகத்தில் இருந்தது. வாக்கு மட்டும்தான் இங்கே. எம்.ஏ. படித்தவனின் வாக்குக்கும் பட்டினச்சேரிப் பெண்ணின் வாக்குக்கும் நடுவில் முதல்வர் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அக்டோபர்ல எழுதும்மா" என்று போய்விட்டார். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள். அக்டோபரில் அவள் வரவில்லை.

சில வருடங்களில் கல்லூரி வேறு பல்கலைக்கழகத்தின் கீழ் போனது. புது எண்கள் வந்தன. பெரிய அறிவாளிகள் கூடி உட்கார்ந்து, இனி வரப்போகும் பாடங்களுக்காக நடுவில் எண்களைக் காலியாக விட்டுவைத்தார்கள். பிறக்காத பாடத்துக்கு இடம் இருந்தது. பாதியில் நின்ற ஆளுக்கு இல்லை. பழைய பாடத்திட்டத்துக்குக் கடைசி வாய்ப்பு என்ற சுற்றறிக்கையை என் கையாலேயே பலகையில் ஒட்டினேன். பட்டினச்சேரியில் யார் வந்து அதைப் படிக்கப் போகிறார்கள்?

ஒட்டிய மறுநாள் தூக்கம் கெட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஜெயக்கொடி அங்கே பால்வாடியில் ஆயாவாக இருந்தாள். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க சார். வழி தெரிஞ்சுதா?"

"அன்னைக்கி நாந்தாம்மா மாத்துனேன்."

"தெரியும் சார். அன்னைக்கே தெரியும். நான் மூணுன்னு எழுதிக் குடுத்தது ஒங்க கை வழியாத்தான போச்சு, வேற யாரு திருத்துவா?" கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "இத முதல்வர்ட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்றேன்.

"அப்பறம் என்கிட்ட சொல்லி என்னா பண்ண? எனக்குத் தெரிஞ்சதத்தான் எனக்குச் சொல்றீங்க."

கடைசி வாய்ப்பைப் பற்றிச் சொன்னேன், பணம் நான் கட்டுகிறேன் என்றேன். "படிச்சு ஆறு வருசம் ஆச்சு சார். புள்ளைவொ பசியோட ஒக்காந்திருக்கு" என்று திரும்பிக்கொண்டாள். நான் கிளம்பினேன்.

அரக்கும் சணலும் போய்விட்டன. வினாத்தாள் இணையம் வழியாக வருகிறதாம். காசிம் பாய் இல்லை. மூன்று இலக்கம் பத்து இலக்கமாகிவிட்டது. ஆண்டு, துறை, திட்டம் எல்லாம் அதற்குள் இருக்கிறதாம், பிள்ளைகளுக்குப் பாடத்தின் பெயர்தான் தெரியவில்லை. அவளை வரச் சொன்ன பள்ளி அந்த ஜூனில் வெளியூரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தது. இந்த ஊர் உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் பொங்கலுக்குள் ஓடிவிட்டார். இரண்டு வருடம் தேடிப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சு வகுப்பையே மூடினார்கள். தகுதியுள்ள ஆசிரியர் கிடைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.