பாக்கியமேரியின் பேரில்லாத பிள்ளை

பாலக்கரையில் என் பெரியம்மா பாக்கியமேரி எதிரே வந்தால் பெரிய ரவுடிகள்கூடச் சாலையின் மறுபக்கம் போய்விடுவார்கள். சண்டைக்குப் பயந்து அல்ல. அவர்கள் எல்லாரும் என்றாவது ஒருநாள் அவள் முன்னால் குப்புறப் படுத்து, "மெதுவா சிஸ்டர், மெதுவா" என்று கெஞ்சியவர்கள். டாக்டர் சுராயாவின் கிளினிக்கில் ஊசி போடுகிறவள் அவள்தான்.

அதில் அவளுக்கு ஒரு தந்திரம் உண்டு. குழந்தை அழுவதற்கு வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, "உங்க வாத்தியாருக்கு மீசை இருக்கா?" என்பாள். குழந்தை யோசிக்கும். பதில் வருவதற்குள் பஞ்சு வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள். கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அதே கேள்விதான். அவை திகைக்கிற திகைப்பில் இரண்டு ஊசிகூடப் போடலாம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பொண்ணு பாக்க வந்தவனெல்லாம் ஊசிக்குப் பயந்தவனா இருந்தான்" என்பாள். என் அம்மாவைக் கேட்டால் வேறு காரணம் வரும். தாத்தா இறந்தபோது பெரியம்மாவுக்குக் கீழே மூன்று தங்கைகள். அவ்வளவுதான் காரணம். பத்தாவதில் இரண்டு முறை கோட்டை விட்ட என்னை வீட்டில் எல்லாரும் கைகழுவியபோது, "லூர்துராணி என்கூட இருக்கட்டும். தெருவாவது நிம்மதியா இருக்கும்" என்று கூட்டிக்கொண்டு போனவளும் அவள்தான். தெருவுக்கு நிம்மதி கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

முன்பு அவள் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். எங்கள் சனங்களின் குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால், விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் நெற்றியில் வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து ஒரு பேர் சொல்லிவிடுவாள். பையன் என்றால் சவரி. பெண் என்றால் லூர்து. "பேர் இல்லாம யாரையும் அனுப்பக் கூடாதுடி" என்பாள். அந்தப் பேரைத்தான் எனக்கும் வைத்தாள். நான் பிழைத்துக்கொண்டதை அவள் இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறாள்.

எதிர்வீட்டு பேட்ரிசியா அக்கா டீச்சர். அவளுடைய அக்கா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ஜெர்மன் அம்மை வந்தது. இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, அதோடு போய்விட்டது. ஆனால் பிறந்த அமலிக்குக் காது கேட்கவில்லை. இது முதலில் தெரிந்தது எனக்குத்தான். பொட்டலக் காகிதப் பையை ஊதி, ஆள் அசந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் அடித்து உடைப்பது என்னுடைய நிரந்தரத் தொழில். தெருவே துள்ளும். அமலி மட்டும் பொம்மையைவிட்டுத் திரும்ப மாட்டாள். இப்போது அவளுக்கு ஐந்து வயது. பையை அவள் ஊதித் தருவாள், நான் உடைப்பேன். துள்ளுகிறவர்களின் மூஞ்சியைப் பார்த்து இருவரும் சிரிப்போம்.

1987 ஜனவரியில் பேட்ரிசியா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. ஆகவே ஈஸ்டர் முடிந்த வாரம் தேதி வைத்தார்கள். அதே மாதம் அவள் வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்கு ஜெர்மன் அம்மை. அக்காவுக்கு வந்தபோது பேட்ரிசியா ஹாஸ்டலில் இருந்துவிட்டாள், அவளுக்கு இதுவரை வந்ததில்லை. அவள் அமலியைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், நேராகக் கிளினிக்குக்கு வந்தாள்.

"இதுக்குத் தடுப்பூசி இருக்கும்மா" என்றார் டாக்டர் சுராயா. "மெட்ராஸ்ல சொல்லி வரவழைக்கலாம். ஆனா போட்டப்புறம் மூணு மாசம் குழந்தை தங்கக் கூடாது. இப்பவே போட்டா ஈஸ்டருக்குச் சரியா இருக்கும். இந்த வாரம் தப்பினா கல்யாணத்தைத்தான் தள்ளணும்."

"தேதியைத் தள்ளினா எங்கப்பா என்னை வெட்டிப் போட்டுடுவாரு டாக்டர்."

"அப்ப சீக்கிரம் போட்டுடுவோம். பாக்கியம் கைதான், வலியே தெரியாது."

மருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் பனிக்கட்டிக்குள் உட்கார்ந்து வந்தது. அன்றைக்கென்று பார்த்துக் கிளினிக் பிரிட்ஜ் மூச்சை நிறுத்தியது. பேட்ரிசியாவுக்கோ லேசாகச் சளியும் காய்ச்சலும். இரண்டு நாள் கழித்துத்தான் போட வேண்டும். டாக்டர் தம் பழைய பியட்டில் எங்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் கிளம்பினார். பிளாஸ்க் என் மடியில். வடக்கு வாசல் பக்கம் திருநாராயணன் மருந்துக்கடையில் பெரிய பிரிட்ஜ் இருந்தது.

திருநாராயணன் பிளாஸ்க்கை எட்டி நின்று பார்த்தார்.

"டாக்டர், கோச்சுக்கப்படாது. இதுல முட்டை கிட்டை உண்டோ? சில ஊசியெல்லாம் முட்டையில பண்றதா கேள்வி. இதே பொட்டியிலதான் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ற பாலை வெக்கறேன்."

"முட்டையே இல்ல சார். இது மனுஷ செல்லுல வளர்த்தது."

"அப்போ பேஷா வைக்கலாமே" என்று கதவைத் திறந்தவர், பாதியில் நின்றார். "மனுஷாளா? எந்த மனுஷா?"

டாக்டர் சுராயாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அறுபதுகளில் வெளிநாட்டில் ஒரு தாய் கருவைக் கலைத்தாள். இந்த மருந்துக்காக அல்ல, அவளுக்கு என்ன கஷ்டமோ. அந்தக் கருவிலிருந்து எடுத்த செல்கள் கண்ணாடிப் புட்டிகளில் பெருகிக்கொண்டே வந்தன. அதில்தான் இந்த மருந்துக்கான கிருமியை வளர்க்கிறார்கள்.

திருநாராயணன் பெருமாள் பாலை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டு, மருந்தைக் கீழ்த் தட்டில் வைத்தார்.

காவிரிப் பாலம் தாண்டும்போது பெரியம்மா வாயைத் திறந்தாள்.

"என்னால இதைப் போட முடியாது டாக்டரம்மா."

"பாக்கியம், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு குழந்தைன்னு நினைச்சுக்காதே. அன்னைக்கு எடுத்தது எடுத்ததுதான். தயிருக்கு உறை ஊத்தற மாதிரி. நேத்து மோர்ல இருந்து இன்னைக்குத் தயிர், இன்னைக்குத் தயிர்ல இருந்து நாளைக்கு."

"உறைமோர் சரிங்க. முதல் பால் யார் வீட்டுப் பாலு?"

டாக்டர் கியரை மாற்றினார்.

"அந்தத் தாயைக் கேட்டுக்கிட்டுத்தான் எடுத்தாங்களா?"

"எனக்குத் தெரியாது பாக்கியம். கேட்டிருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்." பிறகு கொஞ்சம் கோபமாக, "அமலி மாதிரி இன்னொண்ணு பிறந்தா மட்டும் சரியா?" என்றார்.

"அதான் தொண்டையில நிக்குது" என்றாள் பெரியம்மா.

செய்தி எங்கள் தெருவுக்கு வர எக்ஸ்பிரஸ் தேவையில்லை. சாயங்காலமே பேட்ரிசியா வந்து நின்றாள். "டாக்டரே போடறேங்கறாங்க. நீங்க போட மாட்டேன்னா எனக்கு வேணாம்க்கா. உங்களுக்குப் பாவம்னா எனக்கும் பாவம்தான்." சொல்லிவிட்டு அழுதாள். பெரியம்மா வாழ்க்கையில் முதல் முறையாக மீசைக் கேள்வி கேட்காமல் ஒருத்தியை அழவிட்டாள்.

பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் பொடிமட்டையைத் தேடி எடுத்து, உறிஞ்சி, தும்மி முடித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கே தெரியல பாக்கியம். ஆயர் இல்லத்துல கேட்டா அவங்க ரோமைக் கேப்பாங்க. பதில் வரதுக்குள்ள பேட்ரிசியா பாட்டி ஆயிடும்."

அந்த வாரத்தில் எனக்கும் ஒரு கவலை இருந்தது. டிசம்பர் கடைசியில் என் மாமா ஒருவர் காட்டூரில் இறந்துபோயிருந்தார். அவரிடம் ஐந்து கட்டை டார்ச் லைட் ஒன்று உண்டு. அது கைக்கு வந்தால் எங்கள் கோவில் உபதேசியார் வீட்டு ஜன்னலில் எத்தனை பேய்களை உலவவிடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எங்கள் குடும்பங்களில் செத்தவர் சாமானை முப்பதாம் நாள் பூசை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. சட்டை, கட்டில், கடிகாரம் எல்லாம் அப்படியே கிடக்கும். பூசை ஆன அன்று மத்தியானம் சாப்பாடு போட்டு, யாருக்கு எது என்று பிரித்துக் கொடுப்பார்கள்.

"பெரியம்மா, மாமா டார்ச்சை இப்பவே எடுத்துக்கட்டா?"

"பூசை ஆகட்டும்டி."

"பூசை ஆனா எடுத்துக்கலாமா? பாவமில்லையா?"

"அப்புறம் என்ன பாவம்? அவர் கணக்குல ஒரு பூசை ஆயிடுச்சு, எல்லாரும் அவரை நினைச்சாச்சு. அவர் விட்டுட்டுப் போனது நமக்கு ஆகி வரும்."

சொன்னவள் கையிலிருந்த கரண்டி ரசத்துக்குள் நின்றது. அடுப்பை அணைத்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு கோவிலுக்குக் கிளம்பினாள். பின்னாலேயே ஓடினேன்.

எங்கள் உபதேசியார் அருள்நாதன் நல்லவர், கண்டிப்பானவர், அவர் குடைக்குள் நான் ஒருமுறை அவல் கொட்டி வைத்ததை இன்னும் மறக்காதவர். யாருக்காகப் பூசை என்கிற பூசைக் கருத்துகளை ஞாயிற்றுக்கிழமை சத்தமாக வாசிக்கிறவர் அவர்தான்.

"செத்த ஒருத்தருக்கு ஒரு பூசை வைக்கணுங்க" என்றாள் பெரியம்மா.

"பேரு?"

"பேர் வைக்கலைங்க. குழந்தை. பொறக்கவே இல்ல."

"தகப்பன் பேரு?"

"தெரியாது."

"தாய்?"

"அதுவும் தெரியாதுங்க. வெளிநாடு."

உபதேசியார் என்னைப் பார்த்தார், இது என் வேலையோ என்று. "அப்ப கேக்கறது யாரு?"

"நான்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் கோவில் நிரம்பியிருந்தது. முப்பது வருடமாக உபதேசியார் வாசிக்கிற வாக்கியம் ஒன்றுதான்: இன்னாருடைய தகப்பனார், இன்னாருடைய மனைவி. இன்னாருடைய என்று இல்லாமல் ஒரு ஆத்துமாவை அவருக்கு வாசிக்கத் தெரியாது. மைக்கைத் தட்டினார்.

"இன்றைய திருப்பலி, பாக்கியமேரி அவர்களின் மரித்த குழந்தையின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

விசிறிகள் நின்றன. பெண்கள் பக்கத்தில் முக்காடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. என் அம்மா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். என்னால் எந்தச் சேட்டையிலும் இத்தனை பேரை ஒரே நேரத்தில் திருப்ப முடிந்ததில்லை. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியம்மாவின் காது சிவந்திருந்தது. அவள் தலையைக் குனியவில்லை. நேராகப் பீடத்தைப் பார்த்தபடி மண்டியிட்டிருந்தாள்.

பூசை முடிந்ததும் வாசலில் உபதேசியார் ஓடி வந்தார். அதற்குள் பேட்ரிசியா அவரைப் பிடித்து விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"மன்னிச்சுக்கணும் சிஸ்டர். அடுத்த ஞாயிறு திருத்தி வாசிச்சுடறேன். மைக்ல, ரெண்டு தடவை."

சுற்றிலும் பாதிப் பங்கு நின்றது. வீட்டுக்குப் போக யாருக்கும் அவசரமில்லை.

"திருத்த வேணாங்க" என்றாள் பெரியம்மா.

"ஊர் ஒரு மாதிரிப் பேசுமே!"

"பேசட்டும். இருபது வருஷமா அதுங்களை ஊசியால குத்தறேன், அதுங்க ஒரு தடவை வாயால குத்திக்கட்டும். அந்தப் பிள்ளைக்குன்னு ஒரு ஆள் வேணுமில்ல? என் பேர்லயே இருந்துட்டுப் போகுது."

அருள்நாதன் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு பேர் வாசிக்கிற அதே குரலில், "பையனா, பொண்ணா?" என்றார்.

"தெரியாது. சவரிலூர்துன்னு வச்சிருக்கேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தாள். அத்தோடு கூட்டம் கலைந்தது.

அங்கிருந்தே பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனோம். திருநாராயணன் ஞாயிற்றுக்கிழமையிலும் எங்களுக்காகக் கடையைத் திறந்தார். மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல் மெல்லச் சொன்னார்: "நானும் சேவிக்கப் போறச்சே அந்த சிசுவுக்குன்னு பெருமாள்ட்ட ஒரு வார்த்தை விண்ணப்பம் பண்ணிண்டேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"ரெண்டு பக்கமும் சிபாரிசு இருந்தா நல்லதுதானுங்க" என்றாள் பெரியம்மா.

கிளினிக்கில் டாக்டர் சுராயா காத்திருந்தார். பேட்ரிசியா கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். பெரியம்மா ஊசியை நிமிர்த்திப் பிடித்து ஒரு கணம் நின்றாள். உதடு அசைந்தது. பிறகு, "ஏம்மா டீச்சர், உங்க மாப்பிள்ளைக்கு மீசை இருக்கா?" என்றாள்.

"போன வாரம்தான் எடுத்..." என்று ஆரம்பித்தாள் பேட்ரிசியா. பஞ்சு வந்துவிட்டது.

கல்யாணம் குறித்த தேதியிலேயே நடந்தது. ஊர் சில மாதம் பேசியது. கல்லறைத் திருநாளில் பெரியம்மா தாத்தா கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றுவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேசியது. பிறகு வேறு கதை கிடைத்தது. அந்தக் கதை மாமாவின் டார்ச்சைப் பற்றியது, அதை இங்கே விடுகிறேன்.

இந்த வருஷம் பேட்ரிசியா அக்காவுக்கு மகன் பிறந்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரியம்மா மடியில் கிடந்தான். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து மூக்கு யார் மாதிரி என்று விவாதித்தார்களே தவிர, கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. பேட்ரிசியா மட்டும் அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமலி காகிதப் பையை ஊதிக்கொண்டு வந்தாள். வழக்கம்போல் என்னிடம் தருவாள் என்று கையை நீட்டினேன். தரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, மடிக்குப் பின்னால் போய் நின்று, தன் சின்னக் கையால் ஓங்கி அடித்தாள்.

பையன் இரண்டு கையையும் விரித்துத் துள்ளினான். முகம் சிவந்து, வாய் கோணி, தெரு முனைவரை கேட்கும்படி அலறினான். "அடிப்பாவி!" என்று என் அம்மா என்னை அடிக்க வந்தாள், பையை உடைத்தது நான் இல்லை என்றாலும். பேட்ரிசியா சிரித்துக்கொண்டே அழுதாள். பெரியம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அழுடா ராஜா, நல்லா அழு" என்று அவன் முதுகைத் தட்டினாள்.

அமலி அவன் திறந்த வாயைக் குனிந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, இன்னொரு பை வேண்டும் என்று கையை நீட்டினாள்.