தவறு இல்லாத எலிகியோ

எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் எலிகியோ சபாலா பந்தைச் சுவரில் எறிந்துகொண்டிருக்கிறான். மற்ற வீச்சாளர்கள் இறங்குமுன் தோளைச் சுழற்றுவார்கள். இவன் அடைகாக்கும் கோழி மாதிரி முழங்காலை மடக்கி, தாறுமாறாகத் திரும்பி வரும் பந்தைக் கையுறையில் வாங்கி வாங்கிப் பார்ப்பான். வேலிக்கு இந்தப் பக்கம் வாழைக்காய் வறுக்கும் எனக்கு, அந்தச் சத்தம் கேட்டால் ஆட்டம் முடியப்போகிறது, அடுப்பைத் தணிக்கலாம் என்று அர்த்தம்.

அவன் வேலை அவ்வளவுதான். முதலில் வீசியவன் களைத்ததும் வந்து, ஒன்றோ இரண்டோ இன்னிங்ஸ் வீசுவது. வேகம் பெரிதில்லை. ஆனால் தன் பக்கம் அடிக்கப்பட்ட பந்தை அவன் தவறவிட்டதே கிடையாது; விட்டால் ‘தவறு’ என்று பேரில் எழுதிவிடுவார்கள்.

முடிதிருத்தும் செனோனுக்கு இது வேதம். வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்: “பதினாலு வருஷம்டா! இவனை மாதிரி கடைசில வந்து வீசுறவனுங்க கணக்கை எடுத்துப் பாரு. தலைநகர்க்காரனுக்கு ஏழு தப்பு, மலையூர்க்காரனுக்கு நாலு. எங்க ஆளுக்கு? முட்டை!”

“அட போங்கண்ணே,” என்பான் எலிகியோ. “நான் வந்து நிக்கிறதே கொஞ்ச நேரம். என்கிட்ட எத்தனை பந்து வருது? அடுப்படிக்கே போகாதவ, கை சுட்டுக்கிட்டதே இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

சொல்வானே தவிர, செனோன் கத்தி முடிக்கும்வரை குனிந்து, கட்டிய காலணிக் கயிற்றையே மறுபடி கட்டிக்கொண்டிருப்பான். ஒரு சொல்லையும் விடமாட்டான்.

அவனுக்கு முன் வீசும் ஃபௌஸ்டோதான் அதிகம் சீண்டுவான். “பந்துக்கே உன்னைக் கண்டா பாவமா இருக்குடா. ஒதுங்கிப் போயிடுது!”

எலிகியோ கோயிலுக்கும் கையுறையோடுதான் வருவான். குழந்தையைப்போல மடியில் வைத்திருப்பான். பாவ அறிக்கையின்போது ‘என் பாவமே’ என்று மூன்று முறை நாங்களெல்லாம் வலக்கையால் நெஞ்சில் தட்டுவோம், அவன் இடக்கையால். கேட்டேன். “வலது கை சோறு போடுற கைக்கா. அதை எதுக்கு நோகடிக்கணும்?” என்றான். ஆண்டவர் சிரித்திருப்பார்.

போன ஞாயிறு மத்தியானம் ஃபௌஸ்டோவின் முகம் சரியில்லை. அமெரிக்காவிலிருந்து புது வீச்சாளன் வருகிறான், ஒருவரை அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. எதிரணி எடுக்கும் ஓட்டம் இன்னும் ஒன்று தன் பேரில் ஏறினால் அந்த ஒருவர் தான்தான் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு பேரை அவுட்டாக்கிவிட்டான். அவன் ஏறவிட்ட ஒருவன் ஓட்டத்துக்குக் கடைசிப் படியான மூன்றாவது பேஸில் நிற்கும்போது பயிற்சியாளர் ஃபௌஸ்டோவை வெளியே அழைத்து, எலிகியோவை இறக்கினார்.

முதல் பந்தே மெதுவாக உருண்டு எலிகியோவிடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கையுறையில் பட்டு, நழுவி, காலடியில் விழுந்தது. மூன்றாவது பேஸில் நின்றவன் ஓடி வந்து சேர்ந்துவிட்டான், எதிரணிக்கு ஒரு ஓட்டம்.

மேலே சன்னலோரம் உட்கார்ந்து கணக்கு எழுதும் தோன் அபெலார்தோ எங்கள் ஊர்க்காரர், இளகிய மனசு. பலகையில், அது அடித்தவனின் திறமை என்று தகடு ஏறியது. எலிகியோவின் முட்டை பிழைத்தது. ஆனால் அந்தக் கணக்கில் ஓட்டம், ஓடியவனை ஏறவிட்ட ஃபௌஸ்டோவின் தலையில் விழும்; தவறு என்று எழுதினால் விழாது.

“அபெலார்தோ வாழ்க!” என்று செனோன் குதித்தார். ஃபௌஸ்டோ துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

எலிகியோ நடுவரிடம் கை காட்டி ஆட்டத்தை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றினான். மேலே அந்தச் சன்னலைப் பார்த்துக் கையுறையால் நெஞ்சில் தட்டினான்.

“டேய் கிறுக்கா! பேசாம வீசுடா!” செனோன் வேலியை உலுக்கினார். “பதினாலு வருஷம்டா!”

தோன் அபெலார்தோ தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

“நான்தாங்க விட்டேன்! என் தப்புங்க!”

மறுபடி தட்டினான். மூன்றாம் முறை தட்டியபோது கையுறையிலிருந்து புழுதி கிளம்பியது. பலகையில் தகடு இறங்கியது. அவன் பேருக்கு எதிரே ஒரு தவறு ஏறியது.

அதை ஒருமுறை படித்துப் பார்த்த பிறகுதான் எலிகியோ தொப்பியைத் தலையில் வைத்தான்.