எட்டு என்று படித்த மூன்று

திருக்காட்டுப்பள்ளி பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷன். நான் ஜீப்பை விட்டு இறங்கி உள்ளே போனபோது, சேறு அப்பிய இயந்திரத் துப்பாக்கி ரைட்டரின் மேசைமேல் கிடந்தது. குழல் வாசலைப் பார்த்திருந்தது. வாசலில் இருபது பேர் நின்றார்கள்.

"எல்லாரும் ஓரமா போங்க! குண்டு மேகசின் மாட்டியிருக்கு" என்று கத்தினேன்.

அப்போது நான் ஆயுதப்படையில் ஆர்மரர், துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவன். செல்வராசு என்ற விவசாயி தன் வயலில் பண்ணைக் குட்டை வெட்டியபோது ஜேசிபி வாளியில் இது வந்திருக்கிறது. அவர்தான் ஸ்டேஷனுக்குச் சொன்னவர். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

குண்டை ஏற்றும் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேகசின் கொக்கியில் மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். அரைமணி கழித்து மேகசின் கையோடு வந்தது. உள்ளே குண்டு இல்லை, சேறுதான்.

அடுத்தது சீரியல் நம்பர். ஒரு கான்ஸ்டபிள் உப்புத்தாளோடு வந்தார். தேய்த்தால் துருவோடு எழுத்தும் போய்விடும். அவரைத் தடுத்து, துணியால் ஒற்றி எடுத்தேன். துப்பாக்கியின் உடல்பகுதியான ரிசீவரின் வலப்பக்கம் நம்பர் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் போனைக் காதில் வைத்தபடி அவசரப்படுத்தினார்.

"சொல்லுங்க, நம்பர் என்ன?"

சொன்னேன். கடைசி இலக்கம் எட்டு.

பதில் உடனே வந்தது. சில வருடங்களுக்கு முன் காணாமல் போன ஆயுதங்களின் பட்டியலில் அந்த நம்பர் இருந்தது.

இன்ஸ்பெக்டர் செல்வராசு பக்கம் திரும்பினார். "யாரு குடுத்து வச்சா? உண்மையைச் சொல்லு."

"நான்தானேங்க வந்து சொன்னேன்? புதைச்சிருந்தா நானே ஜேசிபி விட்டுத் தோண்டுவேனா?"

"ஜேசிபிக்காரன் பாத்துட்டான், வேற வழியில்லாம வந்தே. உள்ள உக்காரு."

செல்வராசு என்னைத்தான் பார்த்தார். "ஐயா, பொண்ணு வேலைக்கு போலீஸ் விசாரணை வரப்போவுது. கேஸுன்னு ஒண்ணு எழுதிட்டா அவ கதி என்னங்க?"

லாக்கப் கதவு சாத்தப்பட்டது. வாசல் கூட்டம் பெரிதானது.

நான் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். ஒத்துப்பார்க்க, பட்டியலின் அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் வாங்கினேன். காணாமல் போனது பிற்காலத்து மாடல். அதன் மேகசின் ஏறக்குறைய நேராக இருக்கும். என் முன்னால் இருந்தது பிறைபோல் வளைந்தது.

டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். எட்டின் இடப்பக்க வளைவுகள் துரு அரித்த பள்ளங்கள். அது மூன்று. நம்பரை ஒட்டி உலகப் போர்க் காலத்து ஆண்டும், பழைய பிரிட்டிஷ் ராணுவத்தின் அம்பு முத்திரையும் இருந்தன. இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டேன். டி, பி என்று இரண்டு எழுத்து எழும்பியது. டிரில் பர்ப்பஸ், கவாத்துப் பயிற்சிக்கு மட்டும். அப்படியானால் குழலின் பக்கவாட்டில் ஓட்டை போட்டிருக்க வேண்டும். கம்பியால் குத்தினேன், சேறு உதிர்ந்து ஓட்டை தெரிந்தது. சுட முடியாத துப்பாக்கி.

"சார், நான் நம்பரைத் தப்பா படிச்சுட்டேன்" என்றேன்.

"என்னய்யா விளையாடுறீங்களா? மேல சொல்லியாச்சு!"

"எழுதித் தர்றேன் சார். தப்பு என்னோடதுன்னே எழுதுறேன்."

எழுதிக் கொடுத்தேன். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, செல்வராசுவை வெளியே விட்டார்கள். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சரியான நம்பரை வைத்துத் தேடியதில், அது முன்பு ஒரு மாணவர் பயிற்சிப் படைக்குக் கொடுக்கப்பட்டது என்றும், ஆற்று வெள்ளம் அதன் கிடங்கை அடித்துக்கொண்டு போனதில் தொலைந்தது என்றும் சில மாதம் கழித்துப் பதில் வந்தது.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு செல்வராசு வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"பொண்ணுக்கு வேலை கிடைச்சிருச்சுங்க, அதுல குறையில்ல. ஆனா ரெண்டு மணி நேரம் கம்பிக்குள்ள இருந்ததை ஊரே பாத்துச்சு. அதை எந்த நம்பரை வச்சுங்க திருத்துவீங்க?"

மோர் டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். நம்பரை மூன்று பக்கமிருந்தும் வெளிச்சம் சாய்த்துப் பாருங்கள். மாடலோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். அதுவரை மேலதிகாரி போனைப் பிடித்துக்கொண்டே நிற்கட்டும்.