வாலில் மாட்டிய சுறா

திருத்தணி மலைமேல் மொட்டை அடிக்கும் கொட்டகை. தரையெல்லாம் ஈர முடி, காலில் ஒட்டுகிறது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலையில் தண்ணீரைத் தேய்த்துக்கொள்கிறார். பொதட்டூர்பேட்டைக்காரர், வேலை மஸ்கட்டில். வாட்டர் ஸ்கூட்டரில் போய்ச் சுறா பிடிக்க ஆசைப்படுகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப் போகிறவர்.

“என்ன வேண்டுதல்?” என்று கேட்கிறேன்.

“ஒரு சுறாவுக்குங்க” என்கிறார், சிரிக்காமல்.

அந்தச் சுறாவுக்கு உடம்பளவு நீளத்துக்கு வாலாம். இரையை வாலால்தான் அடிக்குமாம். அதனால் தூண்டில் முள் பல சமயம் வாலில் மாட்டிக்கொள்கிறது.

“வாலப் புடிச்சி பின்னால இஸ்த்துகினே வந்தா அதுக்கு மூச்சு முட்டிப்பூடும் சார். கிட்ட வந்தப்ப அசையவே இல்ல. கூட வந்தவரு போட்டோ எடுத்துகினு, தூண்டில் கயித்த அறுத்து வுட்டுடுன்னாரு. எனக்கு மனசு கேக்கல. முள்ள எடுத்துட்டு, செவுள்ல தண்ணி போவட்டும்னு வண்டியோரமா அத்தப் புடிச்சிகினு மெதுவா முன்னால ஓட்னேன். முருகா, இது பொழைச்சா மொட்டை போடறேன்னு வேண்டிகினேன். வால ஒரு ஆட்டு ஆட்டிச்சி, உள்ள போயிடுச்சி.”

“பொழைச்சிடுச்சா?”

“அதான் தெரியலீங்க.”

மொட்டை அடிக்க அவர் தலையில் கத்தி வைக்கப்போன பெரியவர் நிறுத்துகிறார். “வேண்டினது நடந்தப்புறம்தானேப்பா முடி குடுப்பாங்க?”

மஸ்கட்காரர் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுக்கிறார்.

“குடுத்துட்டா முருகன் நடத்தித்தானே ஆவணும். நீ அடி நைனா.”