தாம்பரம் லோக்கலில் பிறந்த பாட்டு

ஒரே ஒரு பாட்டால் நாங்கள் மூன்று பேரும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பிரபலமாக இருந்தோம். ரஃபி பாடுவான், ஸ்டீபன் கிடார், நான் தாளம். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு அவர்கள்தான் வீடு. தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலில், பெட்டிச் சுவரைத் தட்டிப் பாடி, ஃபோனில் பதிவுசெய்து நெட்டில் போட்ட பாட்டு அது. மறுவாரமே டீக்கடை, ஆட்டோ, எங்கும் அதுதான்!

பல்லாவரத்தில் ஒரு கல்யாணக் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். புது டிரம்ஸோடு மேடை ஏறினேன். பாட்டு எழவே இல்லை.

"இன்னா மச்சான், ஃபோன்ல கேட்டா ஆட்டம் வருது, இங்க தூக்கம் வருது!" என்று மாப்பிள்ளையின் நண்பன் கத்தினான். மண்டபமே சிரித்தது.

இறங்கியதும் ரஃபி என்மேல் பாய்ந்தான். "உன் கைதாண்டா கெடுத்துச்சு!" ஸ்டீபனும் ஆமாம் என்றான். அன்றே பிரிந்தோம். அதற்குப் பிறகு நான் தாளத்தையே தொடவில்லை.

போன மாதம் லோக்கல் ரயிலில் கல்லூரிப் பையன்கள் சுவரைத் தட்டி அதே பாட்டைப் பாடினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன். குரோம்பேட்டையில் வண்டி நின்றதும் அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"இருண்ணா, வண்டி கெளம்பட்டும். நின்ன வண்டில இந்தப் பாட்டு ஏறாது," என்றான் ஒருவன்.

வண்டி நகர்ந்தது. தடக் தடக்! பாதித் தாளத்தை ரயில்தான் போட்டிருக்கிறது. அது மண்டபத்துக்கு எப்படி வரும்? உடனே ரஃபியைக் கூப்பிட்டு ஃபோனைத் தூக்கிப் பிடித்தேன். பாட்டு முடியும்வரை அவன் வைக்கவில்லை.

"உன் கை இல்லடா," என்றான் கடைசியில்.

நாங்கள் மறுபடி சேரவில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் எந்த ரயிலில் ஏறினாலும் என் கை சும்மா இருப்பதில்லை.