பூ விழுவதற்கு ஒரு கார்டு

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். கல்யாண வீடியோவை என் வீட்டுக்காரர் எடுப்பார். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது நான். படித்தது எட்டாவது. எடிட்டிங்கை வேலை செய்யச் செய்யப் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணப் பெண்ணுக்கு அப்பா இல்லை என்றால், மண்டபத்துத் திரையில் அவரை வரவழைக்கச் சொல்வார்கள். பழைய போட்டோவிலிருந்து ஆளைப் பிரித்தெடுத்து, மேகத்தில் நிற்கவைத்து, மகள் தலையில் பூப்போட வைக்க வேண்டும். அன்று வந்த பெண்ணின் அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

"தாலி கட்டுறதுக்கு முன்னாடி அவரு பூப்போட்டுடணும்மா. எம் பொண்ணு வாய விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான்."

செய்து தருகிறேன் என்றேன்.

பெண்ணின் அப்பா போட்டோவை வைத்து வேலையைத் தொடங்கினேன். மேகம் வந்தது. அவர் வந்தார். பூ விழ ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. பூவைக் குறைத்தேன். அப்போதும் நின்றது. தனியாக கிராபிக்ஸ் கார்டு போடாமல் ஓடாது என்று புரிந்தது.

"பூவுக்குப் பதிலா அட்சதையப் போடேன். சின்னதா இருக்கும்ல" என்றார் வீட்டுக்காரர்.

"அரிசின்னா இன்னும் நிறைய வேணுங்க."

கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் வீட்டுக்காரரிடம், "பையன் கேம் விளையாடவா சார்?" என்று கேட்டார். அவர் என்னைக் கைகாட்டினார்.

எங்கள் கையிலிருந்த பணத்துக்கு அடங்குகிற மாதிரி மூன்று கார்டுகளை எடுத்து வைத்தார் கடைக்காரர். முதலில் பெரியதை எங்கள் பக்கம் தள்ளினார்.

"இதுதான்க்கா வேகம். ஒருத்தர் ஓட்டிட்டுக் குடுத்தது, அதான் இந்த விலை. கலர் கலரா லைட்டும் எரியும்."

"மண்டபத்துல பாக்குற லைட்டே போதுங்க. கரண்டு எவ்ளோ இழுக்கும்?"

"தனி ஒயர் வேணும். உங்க பெட்டியில உள்ள பவர் சப்ளை தாங்காது. அதையும் மாத்திடலாம்."

எங்கள் ஊரில் வயல் மோட்டார்கள் ஓடும்போது லைட்டே மங்கிவிடும். பெரியது வேண்டாம் என்றேன். மற்ற இரண்டையும் என் பெட்டியில் மாட்டி, நான் செய்துவைத்ததை ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

"அப்படியெல்லாம் மாட்டிக் காட்ட முடியாதுக்கா."

"விதைநெல்லயே நனச்சு முளைப்புப் பாத்துட்டுத்தான் விடுவோம். மாட்டுங்க."

"வா, போலாம்" என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

நாலு ஜிபி கார்டில், பூ பழைய இடத்திலேயே நின்றது. ஆறு ஜிபியில் மெதுவாக நகர்ந்தது, நிற்கவில்லை. அதற்குத் தனி ஒயரும் வேண்டாம். அதையே வாங்கினேன்.

"அந்தப் பெருசுல பாதி நேரத்துல முடிஞ்சிருக்கும்க்கா" என்றார் கடைக்காரர்.

"மெதுவா முடியட்டும். முடியணும், அவ்ளோதான்."

முடிந்தது.

கல்யாணத்தன்று மண்டபத்தில் நான்தான் ஓட்டினேன். திரையில் பெண்ணின் அப்பா வந்தார். பூ விழுந்தது. மணவறைக்கு வந்த பெண் உட்காராமல் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நேரமாகிறது, உட்காரம்மா என்றார் ஐயர்.

பெண்ணின் அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க. அவரு போட்டு முடிச்சிரட்டும்."

ஐயர் தாலித்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.