அம்மன் படத்தடியில் ஓர் எலுமிச்சை

கல்யாணத்துக்குப் போகும் வழியில், இராசிபுரத்து ஓட்டலில் என் வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்ததில் கறை ரத்தம்போலச் சிவந்தது, பஸ்ஸும் போய்விட்டது. கொல்லிமலைக்குச் செங்கல் ஏற்றிப்போன லாரி டிரைவர் ஒருவர் என்னை ஏற்றிக்கொண்டார்.

பெரிய உருவம், தூக்கம் கலையாத கண்கள். எதிரே அம்மன் படத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம். ஒவ்வொரு வளைவிலும் அதைத் தொட்டுக்கொண்டார். வெளியே பனியில் மரவள்ளிக் காடுகள் மிதந்துகொண்டிருந்தன.

"வேட்டியில என்னங்க, அடிபட்டுருச்சுங்களா?"

"மஞ்சள் கறைதானுங்க. சோப்புல இருக்கற காரத்தன்மைக்கு இப்படிச் செவந்துரும். புளிப்புப் பட்டாப் பழையபடி மஞ்சளாயிரும்."

வண்டியை ஓரங்கட்டி, பழத்தை எடுத்து அறுத்து நீட்டினார்.

"சாமி பழமாச்சுங்களே, வேண்டாங்க."

"கல்யாண ஊட்டுல ரத்தமாட்டப் போய் நிப்பீங்களா? புழிங்க."

பிழிந்தேன். சிவப்பு மெல்லக் கரைந்து மஞ்சள் திரும்பி வந்தது. கனவு காண்பவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வளைவில் அவர் கை தானாக நீண்டு, பழமிருந்த இடத்தில் வெறும் தகட்டைத் தொட்டுத் திரும்பியது. சேந்தமங்கலத்தில் என்னை இறக்கிவிட்டு லாரி மலையை நோக்கிப் போனது. அந்த மலையில் ஏற ஏற வளைவுதான்.

வேட்டியில் இன்னும் லேசாக மஞ்சள் இருக்கிறது. நான் அதை வெளுக்கப் போடவில்லை.